நூற்றுப் பதினேழாவது வண்டி

எண்ணியவன் நானில்லை,
சைக்கிளில் டீ கேன் கட்டி வரும் முஸ்தபா.
"அண்ணே, ஜீரோ கேட்டுக்கு நீ நூத்திப் பதினேழு."
இடக்கைப் பக்கம் கருங்கல் தாண்டிக் கடல்.
வலக்கைப் பக்கம் ஷட்டர் இறக்கிய வெல்டிங் கடைகள்.
முதுகுக்குப் பின்னால் நாற்பதடிப் பெட்டி.
உள்ளே என்னவென்று எனக்கும் தெரியாது,
சீல் வைத்துத்தான் அனுப்பினார்கள்.

ஃப்ளோரா அனுப்பியது மூன்று நாளாய்
போனில் கிடந்தது. ஒரு மணி ஐம்பது நிமிஷம்.
"பழைய நாடகம்ப்பா. மேடை கெடையாது, காதுக்கு மட்டும்.
நான் நடிக்கல. சத்தம் மட்டும் என்னுது."
சத்தம் மட்டும் என்றால் என்ன வேலை என்று
நான் கேட்கவில்லை.
காலேஜுக்குக் கட்டிய காசைத்தான் கேட்டேன்.

வேளாங்கண்ணி மாதாவுக்குப் பக்கத்தில்
போனைச் சாய்த்து வைத்தேன்.
யாரோ தொண்டையைச் செருமினான். அவன்தான் ராஜா.
முகமில்லை, கிரீடமில்லை.
நானாக ஒரு முகம் கொடுத்தேன்:
எங்கள் யூனியன் செயலாளர் முகம்,
மீசையை மட்டும் எடுத்துவிட்டு.

பகைவர் சூழ்ந்த கோட்டை.
விடியும் மட்டும் கதவு திறக்கலாகாது,
திறந்தவன் தலை தரையில் என்று
மணி அடித்து ஊருக்கே ஆணை போடுகிறான்.
மகள் வெளியே போனது அவனுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
கொஞ்சம் முன்னால்தான் ஒரு கொலுசு
படி இறங்கி, மணலில் மெலிந்து போனது.
"யோவ், உம் பொண்ணு வெளிய இருக்குதுய்யா" என்றேன்
முன் கண்ணாடியைப் பார்த்து.

பின்னால் ஹாரன். முப்பதடி நகர்ந்தோம்.
கியர் சத்தத்தில்
மந்திரி சொன்ன யோசனை அடிபட்டுப் போயிற்று.
தப்பிக்கும் வழி அதில்தான் இருந்ததோ என்னவோ.

பிறகு தட்டுகிறாள்.
ஒன்று.
காவலாளி மூச்சு விடுவது கேட்கிறது.
இரண்டு.
"பகைவன் சூது" என்கிறான் ராஜா.
குரல் நடுங்கவில்லை, அதுதான் பயமாயிருந்தது.
மூன்று.

அந்தச் சத்தத்தை நான் அறிவேன்.
கோட்டைக் கதவில்லை அது.
காசிமேடு, வாரியக் குடியிருப்பு, மூணாவது மாடி.
அடித்தகடு துருவேறி,
தட்டினால் முதலில் ஒரு 'தட்',
அப்புறம் உள்ளே எதுவோ தளர்ந்து 'கிணுங்'.
தாழ்ப்பாளைச் சரிபண்ணச் சொல்லி
அவள் அம்மா ரெண்டு வருஷமாய்ச் சொல்கிறாள்.

நான் கிருஷ்ணபட்டினம் போயிருந்த ராத்திரி எடுத்திருப்பாள்.
வெளியே நின்று தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி,
நான் தட்டத் தட்ட யாரும் தொறக்காதீங்க என்று
அம்மாவிடம் சொல்லி வைத்து.

நிறுத்தினேன்.
போன மார்கழியில் ஒன்பதரைக்கு வந்தவளை
பத்தரை வரை நிற்க வைத்தேன். ஒத்திகை என்றாள்.
அன்றைக்கு எத்தனை தரம் தட்டினாளென்று தெரியாது.
டிவி ஓடிக்கொண்டிருந்தது.

முஸ்தபா கொடுத்த டீ ஆறி ஏடு கட்டியது.
மீதியைப் போட்டேன்.

அங்கே விடிகிறது.
ஒரு சேவல். அதுவும் அவள் தொண்டைதான்.
சங்கிலி இழுபட்டுப் பெரிய கதவொன்று திறக்கிறது,
அது எங்கே எடுத்த சத்தமென்று பிடிபடவில்லை.
அழுகை வருமென்று காத்திருந்தேன். வரவில்லை.
குனிந்தவன் முட்டி சொடுக்குகிறது.
கொலுசை எடுத்து ஒரே ஒரு தரம் ஆட்டிப் பார்க்கிறான்.
அப்புறம் நாற்பது விநாடி யாரும் பேசாத அறை.
அந்த அமைதியின் அடியில்
எங்கள் வீட்டு மின்விசிறி ஓடுகிறது,
மூன்றில் வைத்தால் இடிக்குமே, அதே இடிப்போடு.

மணி ரெண்டே முக்கால்.
குரல் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.
வாய் வரவில்லை.
விரலை மடக்கி டாஷ்போர்டில்
மூன்று தரம் தட்டி அனுப்பினேன்.

ஒற்றை டிக்.
தூங்குவாள்.
"நூத்தி ஒம்போது" என்கிறான் முஸ்தபா,
காலி கிளாஸுக்குக் கை நீட்டி.